ஒன்றரைக் கோடி ரூபாய் மின்கார்: பிஎம்டபிள்யூ ஐஎக்ஸா, மெர்சிடிஸ் இக்யூஎஸ் எஸ்யூவியா?

இரண்டையும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, இரண்டும் பிடித்துப்போய்விட்டது, எதற்கு முன்பணம் கட்டுவது என்று மட்டும் தெரியவில்லை. சொகுசு மின்கார் வாங்கக் கிளம்பியவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். ஒரு பக்கம் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ் 50. மறுபக்கம் மெர்சிடிஸ் பென்ஸ் இக்யூஎஸ் 580 எஸ்யூவி. ஐஎக்ஸ் 50 இந்தியாவுக்கு 2024 மார்ச்சில் 1.40 கோடி ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இக்யூஎஸ் 580 எஸ்யூவி 1.41 கோடிக்கு வந்தது. விலை ஒட்டி நிற்பதால்தான் குழப்பமே. விலையில் வேறுபாடு இருந்திருந்தால் பாதிப் பேருக்கு முடிவு தானாகவே அமைந்திருக்கும்.

இரண்டும் நல்ல கார்கள். ஆனால் ஒரே ஆளுக்கான கார்கள் அல்ல. குதிரைத்திறனையும் திரையின் அகலத்தையும் வைத்து ஒப்பிடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் கருத்து. காரில் யார் எந்த இருக்கையில் உட்காரப் போகிறார்கள், இரவில் அது எங்கே நிற்கப் போகிறது, எத்தனை ஆண்டு உங்களிடம் இருக்கப் போகிறது. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் கார் எது என்பதும் தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது?

என் வரிசையில் முதலில் வருவது இருக்கை. அடுத்தது வீட்டு மின்னிணைப்பு. மூன்றாவது, நெடுஞ்சாலையில் உண்மையாகக் கிடைக்கும் தூரம். நான்காவது, வாங்கிய பிறகு தலைகாட்டும் செலவு: டயர், காப்பீடு, விபத்துப் பழுது. ஐந்தாவது, விற்கும்போது கிடைக்கும் விலை. வேகத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஐஎக்ஸ் 100 கி.மீ. வேகத்தை 4.6 விநாடியில் தொடுகிறது, இக்யூஎஸ் 4.7 விநாடியில் தொடுகிறது. இந்த வேறுபாட்டை ஓட்டுநரால் உணரவே முடியாது.

| | ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ் 50 | இக்யூஎஸ் 580 எஸ்யூவி |
|---|---|---|
| அறிமுக விலை (ஷோரூம்) | 1.40 கோடி | 1.41 கோடி |
| இந்தியாவுக்கு வரும் வழி | முழுக் காராக இறக்குமதி | புனே அருகே சாக்கனில் பொருத்தப்படுகிறது |
| இருக்கைகள் | 5 | 7 |
| பேட்டரி | 111.5 யூனிட் | 122 யூனிட் |
| அறிவிக்கப்பட்ட தூரம் | 635 கி.மீ. வரை (ஐரோப்பியச் சோதனை) | 809 கி.மீ. (இந்தியச் சோதனை) |
| திறன் | 523 குதிரைத்திறன் | 544 குதிரைத்திறன் |
| நீளம் | 4.95 மீட்டர் | 5.13 மீட்டர் |
| முன், பின் அச்சு இடைவெளி | 3 மீட்டர் | 3.21 மீட்டர் |
| எடை | சுமார் 2.5 டன் | சுமார் 2.8 டன் |
| அதிகபட்ச விரைவு சார்ஜிங் | 195 கிலோவாட் | 200 கிலோவாட் |
| பேட்டரி உத்தரவாதம் | 8 ஆண்டு / 1.6 லட்சம் கி.மீ. | 10 ஆண்டு / 2.5 லட்சம் கி.மீ. |

## 635-ம் 809-ம் ஒரே அளவுகோல் அல்ல

விற்பனையாளர் உங்கள் முன் வைக்கும் முதல் எண் இதுவாகத்தான் இருக்கும். இக்யூஎஸ் 174 கி.மீ. கூடுதலாக ஓடும் என்று தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐஎக்ஸின் 635 டபிள்யூஎல்டிபி என்ற ஐரோப்பியச் சோதனையில் வந்தது. இக்யூஎஸ்ஸின் 809 ஏஆர்ஏஐ சான்றளிக்கும் இந்தியச் சோதனையில் வந்தது. இந்தியச் சோதனை மெதுவான வேகங்களில் நடப்பது. எந்த மின்கார் ஆனாலும் அதில் கிடைக்கும் எண் நெடுஞ்சாலையில் கிடைக்காது.

நாமே கணக்குப் போட்டுவிடலாம். ஏசி ஓட, நான்குவழிச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போனால், இந்த எடையுள்ள கார் 100 கி.மீ.க்கு 22 முதல் 25 யூனிட் செலவழிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎக்ஸ் பேட்டரியில் பயன்பாட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 105 யூனிட். கடைசிப் பத்து சதவீதத்தைத் தொடாமல் விட்டால் 380 முதல் 430 கி.மீ. வரை போகலாம். இக்யூஎஸ்ஸின் பேட்டரி ஏறத்தாழ பத்து சதவீதம் பெரியது, காரும் கனமானது. நடைமுறையில் 40 கி.மீ. கூடுதலாகக் கிடைத்தால் சரி.

சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ. இரண்டு காரிலும் திருச்சிப் பக்கம் ஒரு முறை நிறுத்தப் போகிறீர்கள். காபிக்காக எப்படியும் நிறுத்துவீர்கள், அது வேறு. நிறுத்தும் இடத்தில் எத்தனை கிலோவாட் சார்ஜர் இருக்கிறது என்பதே முக்கியம். 195, 200 கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும் திறன் கார்களுக்கு இருக்கிறது. அந்த வேகம் கிடைத்தால் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆனால் நெடுஞ்சாலை ஓட்டல்களின் முற்றத்தில் பெரும்பாலும் இருப்பது 60 கிலோவாட் சார்ஜர். அதில் ஐஎக்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரமாகும், இக்யூஎஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகும். பக்கத்தில் இன்னொரு கார் நின்று மின்சாரத்தைப் பங்குபோட்டால் நேரம் மேலும் நீளும். நீங்கள் அடிக்கடி போகும் வழியில் 120 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர்கள் எங்கே இருக்கின்றன என்று கார் வாங்கும் முன்பே செயலியில் தேடிக் குறித்துவையுங்கள்.

## வீட்டு மின்னிணைப்பு

இந்தப் பகுதியை மக்கள் கடைசியாக யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இது.

இரண்டு கார்களுக்கும் சுவரில் பொருத்தும் 11 கிலோவாட் சார்ஜர் போதும். ஆனால் அதற்கு மும்முனை இணைப்பு வேண்டும். அது இருந்தால் காலியான ஐஎக்ஸ் ஏறத்தாழ பத்து, பதினொரு மணி நேரத்தில் நிரம்பும். இக்யூஎஸ் இன்னும் ஒரு மணி நேரம் எடுக்கும். ஒருமுனை இணைப்பு மட்டும் இருந்தால் 7.4 கிலோவாட்தான் கிடைக்கும், இரவு முழுதும் போட்டாலும் முழுதாக நிரம்பாது. அன்றாடம் ஐம்பது, அறுபது கி.மீ. ஓடுகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. வாரம் இருமுறை வெளியூர் போகிறவருக்குப் பிரச்சினைதான்.

இரண்டாவது, எர்த்திங். பழைய வீடுகளில் எர்த் கம்பியைப் புதைத்த இடத்தில் மண் காய்ந்துபோய், எதிர்ப்பு ஏறியிருக்கும். ஃபேனும் பிரிட்ஜும் அதைக் கண்டுகொள்வதில்லை. காரின் சார்ஜர் கண்டுகொள்ளும். ஏற்றத் தொடங்கும் முன் எர்த்தைச் சோதித்து, சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். காரில் கோளாறு என்று பணிமனைக்குப் போன் செய்கிறவர்கள் உண்டு. உண்மையில் வேண்டியது தோட்டத்தில் புதிதாக ஒரு எர்த் குழி.

மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் ஏறத்தாழ 350 யூனிட் செலவாகும். இரு மாதத்துக்கு 700 யூனிட். தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே ஏறிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணக் கணக்கு மாறுகிறது. வீட்டு மீட்டரிலேயே காரையும் போட்டால் பில் எப்படி ஏறும் என்று பார்த்துக்கொண்டு, தனி இணைப்பு லாபமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் காருக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

இந்தப் பகுதியில் இரண்டு காருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால் வீட்டில் இந்த வசதி அமையாது என்றால் இரண்டுமே வேண்டாம் என்பேன்.

## யார் எங்கே உட்காருகிறார்கள்?

இங்கேதான் இரு கார்களும் பிரிகின்றன.

ஐஎக்ஸின் கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது கதவுச் சட்டத்தின் உள்விளிம்பில் மறைக்காமல் விடப்பட்ட கரும் கார்பன் இழை. நெய்த துணிபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அதன் வரிகளை விரலால் தடவிப் பார்க்கலாம். உள்ளே பொத்தான்கள் குறைவு. ஒலிபெருக்கிகள் கண்ணுக்குத் தெரியாதபடி ஒளிந்திருக்கின்றன. ஸ்டியரிங் வட்டமாக இல்லாமல் அறுகோணமாக இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் இது உங்களுக்காகச் செய்த கார் என்ற எண்ணம் வரும். பின்னிருக்கையில் தரை சமமாக இருப்பதால் நடுவில் உட்காருகிறவருக்கும் கால் வைக்க இடமுண்டு. ஆனால் ஐந்து பேருக்கு மேல் ஒருவர் என்றால் இன்னொரு கார்தான்.

கண்ணாடிக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஎக்ஸின் கூரைக்கு இழுத்து மூடும் துணித் திரை கிடையாது. கண்ணாடியே மின்சாரத்தால் மங்கும் ஏற்பாடு. அழகான தொழில்நுட்பம்தான். சித்திரை வெயிலில் நண்பகலில் அரை மணி நேரம் அதன் கீழே உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாலை ஏழு மணிக்குச் சோதனை ஓட்டம் போனால் இது தெரியாது.

இக்யூஎஸ் பின்னிருக்கையில் உட்காருகிறவருக்காகவும் யோசித்துச் செய்யப்பட்டது. 3.21 மீட்டர் அச்சு இடைவெளி முழுக்கக் கால் நீட்டும் இடமாக மாறியிருக்கிறது. முன்பக்கம் கதவிலிருந்து கதவு வரை 141 செ.மீ. அகலத்துக்கு ஒரே கண்ணாடித் திரை. அது முதல் வாரத்தில் வியப்பைத் தரும், பிறகு பழகிவிடும். ஏசியைக் கூட்டக் குறைக்கக்கூடத் திரையைத் தொட வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஐஎக்ஸில் திரையைத் தொடாமல் இயக்கச் சுழற்றுக் குமிழ் ஒன்று இருக்கிறது. ஓட்டும்போது அதன் அருமை தெரியும்.

மூன்றாவது வரிசையை நம்பி இக்யூஎஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பிள்ளைகளுக்கான இடம். தாத்தா பாட்டியை அங்கே ஏறச் சொல்ல முடியாது, முழங்கால் விடாது. பெரியவர்கள் நடுவரிசையிலும் பேரப்பிள்ளைகள் பின்னாலும் என்று உட்கார்ந்தால் ஏழு பேர் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வரலாம். ஆனால் அந்த வரிசையை நிமிர்த்தினால் பெட்டி வைக்க மிஞ்சுவது 200 லிட்டருக்கும் குறைவான இடம். ஏழு பேரும் இரண்டு நாள் துணிமணியும் என்றால் கூரை மேல் தனியாகப் பெட்டி மாட்ட வேண்டும். ஏழு இருக்கை தேவையில்லை, இக்யூஎஸ்தான் வேண்டும் என்றால் 2025 ஜனவரியில் வந்த ஐந்து இருக்கை 450 வகை 1.28 கோடிக்கு அறிமுகமானது. பேட்டரி அதே 122 யூனிட், திறன் 360 குதிரை. பின்னால் உட்கார்ந்து போகிற முதலாளிக்கு 580-ஐவிட இது கெட்டிக்கார வாங்கல்.

## சந்தும் மலைப்பாதையும்

5.13 மீட்டர் காரை மயிலாப்பூர் மாடவீதியில் திருப்ப முடியுமா என்ற பயம் நியாயமானது. விந்தை என்னவென்றால், பெரிய கார்தான் எளிதாகத் திரும்புகிறது. இக்யூஎஸ்ஸின் பின்சக்கரங்கள் 10 பாகை வரை எதிர்த்திசையில் திரும்பும். கொண்டை ஊசி வளைவுகளில் இதன் பலன் கையில் தெரியும். எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் பின்னால் எடுத்து மீண்டும் திருப்புகிற வேலை குறையும். ஐஎக்ஸிலும் பின்சக்கரத் திருப்பம் வருவதுண்டு. ஆனால் கோணம் மிகச் சிறியது. நீங்கள் வாங்கும் காரில் அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீளம் பாதகமாகும் இடம் வேறு: வேகத்தடை. அச்சு இடைவெளி கூடக் கூட வண்டியின் நடுவயிறு தட்டும் வாய்ப்பு கூடும். நடுவயிற்றில்தான் பேட்டரி இருக்கிறது. இரண்டு காரிலும் காற்றுச் சஸ்பென்ஷன் உண்டு, உயர்த்திக்கொள்ளலாம். இருந்தாலும் உங்கள் தெருவில் ஊர்க்காரர்களே சிமென்ட் கொட்டிப் போட்ட வேகத்தடை இருந்தால், சோதனை ஓட்டத்தை அங்கேதான் நடத்த வேண்டும். குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு நடத்துங்கள்.

மலையில் வீடோ தோட்டமோ இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மேலே இருக்கும்போது நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டார் தயாரிக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் வேண்டும். இடமில்லை என்றால் அந்தத் தடுப்பு விசை குறைந்து, இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட வண்டியை பிரேக்கே தாங்க வேண்டிவரும்.

## வெளியே சொல்லப்படாத செலவுகள்

டயரிலிருந்து தொடங்கலாம். 21, 22 அங்குலச் சக்கரங்கள், அவற்றின் மேல் இரண்டரை, மூன்று டன் எடை, மிதித்ததும் பாயும் முறுக்குவிசை. டயர் சீக்கிரம் தேயும், இக்யூஎஸ்ஸில் இன்னும் சீக்கிரம். நிறுவனங்கள் பரிந்துரைப்பது தங்கள் குறி பொறித்த டயர்களை: பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ. சிறிய ஊர்க் கடைகளில் இவை இருக்காது. காரில் மாற்றுச் சக்கரம் தருகிறார்களா, பஞ்சர் மருந்து மட்டும்தானா என்றும் கேளுங்கள்.

அடுத்தது விபத்துப் பழுது. ஐஎக்ஸின் முன்பக்க கிரில் வெறும் அலங்காரம் அல்ல. அதற்குள் ரேடாரும் கேமராவும் இருக்கின்றன. சிறு கீறல்கள் வெப்பத்தில் தானே மறையும் பூச்சு அதில் உண்டு. ஆனால் பைக் ஒன்று இடித்து விரிசல் விட்டால் பூச்சு உதவாது, உள்ளிருப்பதோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும். உடல்கூட்டில் கார்பன் இழை இருப்பதால் பெரிய இடிகளைத் தெருமுனைப் பட்டறையில் தட்டி நிமிர்த்த முடியாது. உதிரி பாகமும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கலாம். சாக்கனில் பொருத்தப்படும் இக்யூஎஸ்ஸுக்கு இந்த விஷயத்தில் ஓரளவு சாதகம் உண்டு. ஓரளவுதான், அதன் முக்கியப் பாகங்களும் இறக்குமதியே.

இரண்டு காரின் பானெட்டையும் உரிமையாளர் திறக்க முடியாது. கண்ணாடி துடைக்கும் நீரை ஐஎக்ஸில் முன்பக்கச் சின்னத்தைத் தூக்கி ஊற்ற வேண்டும். இக்யூஎஸ்ஸில் முன்சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டில் சிறு மூடி இருக்கிறது. வழியில் வண்டி நின்றால் கட்டி இழுக்கக் கூடாது, தட்டு லாரியில் ஏற்ற வேண்டும். உயர் மின்னழுத்த வேலைக்குத் தகுதி பெற்ற பணிமனை உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து இந்த ஒரு காரணமே உங்கள் முடிவை மாற்றலாம். இதற்கு நான் பொதுவிடை சொல்ல முடியாது. நெல்லையில் இருப்பவருக்கும் கோவையில் இருப்பவருக்கும் விடை வேறு.

காப்பீட்டில், காரின் மதிப்பை ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30 என்று கழித்துக்கொண்டே போவார்கள். முழு இழப்பு நேர்ந்தால் வாங்கிய விலையைத் தரும் கூடுதல் பாதுகாப்பையும், பேட்டரிக்குத் தனிப் பாதுகாப்பையும் எடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைக்கீழ் நிறுத்துமிடங்களில் மூழ்கிய கார்களைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

செலவுப் பக்கத்தில் நல்ல செய்தி வரியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு 2023 முதல் 20 சதவீதச் சாலை வரி. 1.40 கோடிக் காருக்கு அது 28 லட்சம். மின்கார்களுக்கு முழு விலக்கைக் காலவரம்போடு நீட்டித்து வந்திருக்கிறார்கள். பதிவு செய்யும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூரில் வீடும் பெங்களூரில் அலுவலகமும் உள்ளவர்களுக்கு இது முக்கியம்: கர்நாடகம் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 2024-இல் 10 சதவீத வரியைக் கொண்டுவந்தது. அதாவது 14 லட்சம்.

## எனில் யாருக்கு எது?

நீங்களே ஓட்டுகிறீர்கள், வீட்டில் நான்கு பேர், வாரநாளில் நகரம், மாதம் ஒரு நெடும்பயணம் என்றால் ஐஎக்ஸ். முந்நூறு கிலோ குறைவான எடை ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பிரேக்கிலும் தெரிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் எது ஓட்டுநரின் கார் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓட்டுநர் வைத்திருக்கிறீர்கள், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பயணிக்கும் குடும்பம், காரைப் பத்தாண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இக்யூஎஸ். பத்தாண்டு, இரண்டரை லட்சம் கி.மீ. பேட்டரி உத்தரவாதம் சாதாரண விஷயம் அல்ல. எட்டாண்டு முடிந்த ஐஎக்ஸைவிட, இன்னும் இரண்டாண்டு உத்தரவாதம் மிச்சமிருக்கும் இக்யூஎஸ்ஸை விற்பது எளிது. எந்தப் பக்கமும் அழுத்தமான காரணம் இல்லாத குடும்பம் என்னிடம் கேட்டால் இக்யூஎஸ்ஸைத்தான் சொல்வேன், அதற்கு இந்த உத்தரவாதமே காரணம்.

மூன்று, நான்கு ஆண்டில் மாற்றிவிடுகிறவர் நீங்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். இந்த இரண்டும் 400 வோல்ட் தலைமுறைக் கார்கள். 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ புதிய ஐஎக்ஸ்3-ஐயும், மெர்சிடிஸ் மின்சார ஜிஎல்சியையும் காட்டின. இரண்டும் 800 வோல்ட். பேட்டரியின் வோல்ட் கூடினால் சார்ஜ் இன்னும் வேகமாக ஏறும். ஐஎக்ஸ்3 ஐரோப்பியச் சோதனையில் 805 கி.மீ. வரை போகிறது, 400 கிலோவாட் வரை ஏற்றிக்கொள்கிறது. ஐஎக்ஸைவிடச் சிறிய கார் அது, ஆனால் தொழில்நுட்பத்தில் ஒரு தலைமுறை முன்னே. இப்படிப்பட்டவை சாலைக்கு வரும்போது பழைய தலைமுறையின் மறுவிற்பனை விலை இறங்கத்தான் செய்யும். பிற்பாடு இந்த விலைக்குக் காரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று நிறுவனம் எழுத்தில் உறுதி தரும் என்றால் மட்டும் இப்போதே வாங்கலாம்.

ஐஎக்ஸ் வாங்க முடிவு செய்தவர்கள், 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அந்தக் கார் புதுப்பிக்கப்பட்டு எக்ஸ்டிரைவ் 45, 60 என்று பெயர் மாறியதை நினைவில் வையுங்கள். உங்களுக்குக் காட்டும் 50 எந்த ஆண்டு, எந்த மாதம் தயாரானது என்று அடிச்சட்ட எண்ணை வைத்துச் சரிபாருங்கள். டயரின் பக்கச்சுவரில் வாரமும் ஆண்டுமாக நான்கு இலக்க எண் பொறித்திருக்கும், அதையும் குனிந்து பாருங்கள். ஓராண்டுக்கு மேல் கிடங்கில் நின்ற கார் என்றால், அதற்கான தள்ளுபடியைக் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.